கௌசல்யா ஒட்டி வைத்த கொட்டை

போன மாதம் பிரேமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில், அதே நான்காம் வகுப்புக்கு இப்போது அவள்தான் டீச்சர். படத்தில் இருந்தது யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கம். பெரிய ஓக் மரம், பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்ட அதன் கொட்டை, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு அணில். 'வெளியே போய் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து, எண்ணி, வரையுங்கள்' என்று கீழே போட்டிருந்தது.

பிரேமா போனிலும் கூப்பிட்டாள். "இதுக்கு நான் எங்க போவேன் டீச்சர்? வீடியோ போட்டுக் காட்டிடட்டுமா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏன், கேட்டத் தாண்டினா பத்தடியில வாதா மரம் நிக்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலயா? அதுக்கும் கொட்டை இருக்குது, அதையும் அணில் தின்னுது. ஓக்குக்கு எதுக்கு ஏங்குற?"

"அது தெரியும் டீச்சர். வெளிய கூட்டிட்டுப் போக பயமா இருக்குது. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா யார் பதில் சொல்றது?"

அதற்கு மேல் என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. அந்த 'ஏதாவது ஒண்ணு' என் கையில் நடந்தது. பதில் சொன்னவளும் நான்தான். நாலு சுவருக்குள் அதை நினைத்து நினைத்து மருகியதுண்டு, எழுதியதில்லை. பிரேமாவுக்காக எழுதுகிறேன்.

என் அப்பா மில் தொழிலாளி. வீட்டில் முதலில் மாதச் சம்பளம் வாங்கிய பெண் நான். ஆசிரியர் பயிற்சி இரண்டு வருடம். அதில் இயற்கைப் பாடம் என்றால் சார்ட் பேப்பர்தான். வேர், தண்டு, இலை, பூ, காய் என்று அம்புக்குறி போட்டு, கலர் கலராக எழுத வேண்டும். என் சார்ட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் எங்களை ஒரு மரத்தடியில் நிற்க வைத்தது கிடையாது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பிள்ளைகளிடம் ஒரு மரம் வரையச் சொன்னேன். வகுப்பு மொத்தமும் ஆப்பிள் மரம் வரைந்தது. பச்சையாக ஒரு உருண்டை, அதில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. ஜன்னலுக்கு வெளியே வாதா மரம், அதாவது நாட்டு வாதுமை, மாடி மாடியாகக் கிளை விரித்து நிற்கிறது. ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"எவன்டா உப்பளத்துல ஆப்பிள் மரத்தப் பாத்தது?" என்று கத்தினேன்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "புக்குல இருக்குது டீச்சர்" என்றான். பயந்துதான் சொன்னான், ஆனால் சொன்னது சரி. அந்த நிமிடமே எல்லாரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனேன். அதிலிருந்து ஓய்வு பெறும் வரை, தடுத்து நிறுத்தப்பட்ட சில மாதங்கள் தவிர, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் மரத்தடியில்தான்.

எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க ஒரே மரம். ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். முன்னால் உயரமான பிள்ளை, கடைசியில் வாயாடி, ஏனென்றால் வாயாடி பின்தங்கினால் சத்தம் நின்று எனக்குத் தெரிந்துவிடும். சணல் கயிற்றால் மரத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போடுவோம். தாளைப் பட்டை மேல் வைத்து வண்ணக்கட்டியால் தேய்த்து அச்சு எடுப்போம். பிறகு நாலு பேர் செருப்பைக் கழற்றி நாலு மூலைக்கு வைத்து ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் விழுந்து கிடக்கும் கொட்டைகளை மட்டும் எண்ண வேண்டும். முழுசு எத்தனை, வவ்வால் சதையைத் தின்றுவிட்டுப் போட்டது எத்தனை, அணில் ஓட்டை போட்டது எத்தனை என்று தனித்தனியாக.

கடைசியில்தான் உடைப்பது. வாதாங்கொட்டையைப் படுக்க வைத்து அடித்தால் நசுங்கிப் போகும். ஓரத்து விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி, கல்லால் ஒரே போடு போட வேண்டும். உள்ளே சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பருப்பு. அதைப் பங்கு போட்டுத் தின்போம். நோட்டில் ஐந்து வரி எழுத வேண்டும்: எண்ணிக்கை, நிறம், மணம், உள்ளே, ருசி. பக்கத்தில் ஒரு கொட்டையோ ஓடோ ஒட்ட வேண்டும். பசை வாங்க வழியில்லாத பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் நாலு பருக்கைச் சோற்றை எடுத்து வைத்திருப்பார்கள். அதைவிட நல்ல பசை நான் பார்த்ததில்லை.

எந்தக் கேள்வி கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். "என்ன ஏன் கேக்குற? உடைச்சிப் பாரு." அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்போது எங்கள் தலைமையாசிரியர் சவரிமுத்து சார். பழைய புதுச்சேரிக் குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவராம். சார் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். பிறகு, "அலோர்..." என்று இழுப்பார். அந்தப் பிரெஞ்சு வார்த்தைக்கு 'அப்புறம்' என்று அர்த்தமாம். எங்களுக்கு அது 'மாட்டிக்கிட்ட' என்றுதான் காதில் விழும். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து வாங்கப் போனால் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை பிள்ளைங்க? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க? கூட யாரு? மூன்றுக்கும் நின்ற இடத்தில் பதில் சொல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது. "அதே பதில்தான சார் வாராவாரம்" என்று ஒரு தடவை சலித்துக்கொண்டேன். "வாராவாரம் வேற பிள்ளைங்க லீவு போடும் டீச்சர், போய் எண்ணிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். எண்ணினால் இரண்டு பேர் குறைந்தார்கள்.

ஒரு வருடம், மழை விட்ட சமயம். வகுப்பில் முப்பத்தியொரு பிள்ளைகள். வாதா மரத்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததால் சுற்றிக்கொண்டு ஒரு காலி மனையின் ஓரமாக வந்தோம். மனைக்கு வேலியாகக் காட்டாமணக்கு வளர்ந்து நின்றது. பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகக் காய்கள். பிள்ளைகள் சேற்றில் கால் வைக்காமல் இருக்க நான் ஒவ்வொருவராகக் கை பிடித்துக் கடத்திக்கொண்டிருந்தேன். கௌசல்யா, ஒன்பது வயது, வகுப்பிலேயே சுத்தமாக நோட்டு எழுதும் பிள்ளை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், இதுலயும் கொட்ட இருக்குது. உள்ள பருப்பு இருக்குமா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உடைச்சிப் பாரு" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, லீவு. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் கௌசல்யாவின் அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர், வாசலில் வந்து நின்றார். வியர்த்துக் கொட்டுகிறது. "டீச்சர், பாப்பா மத்தியானத்துலேருந்து வாந்தியா எடுக்குது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். அதுகூட விளையாடுன இன்னும் மூணு புள்ளைங்களும் அங்கதான். இன்னா தின்னீங்கன்னு டாக்டர் கேக்குறாரு, ஒண்ணுகூட வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்க கேட்டா சொல்லும்."

அந்த ஆட்டோவிலேயே போனேன். மற்ற மூன்று பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள், அழத் தெம்பு இருந்தது. கௌசல்யா அழவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், சுருண்டு கிடந்தாள். அவள் அம்மா தனம் கட்டில் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருப்பவர், கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார். "உனக்கு இன்னாடி கேடு? ரோட்டுல விக்கிற கண்ட பஜ்ஜியத் தின்னாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?" பிள்ளையின் கன்னத்தில் விரல் பதிந்த தடம் தெரிந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "எதைத் தின்னாங்க, எத்தனை தின்னாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்மா" என்றார்.

நான் குனிந்து, "கௌசி, டீச்சர் திட்ட மாட்டேன். என்ன தின்ன?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நோட்டுல எழுதி இருக்கேன் டீச்சர்."

அவள் அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தார். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பினேன். எண்ணிக்கை: காய் 2, கொட்டை 6. நிறம்: கறுப்பு. மணம்: இல்லை. உள்ளே: வெள்ளைப் பருப்பு. ருசி: நல்லா இருக்கு. நான் தின்னது 5. பக்கத்தில், சோற்றுப் பருக்கை வைத்து, ஆறாவது கொட்டை அழுத்தமாக ஒட்டியிருந்தது.

டாக்டர் கொட்டையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "காட்டாமணக்கு" என்றார். "எண்ணிக்கையே எழுதி வச்சிருக்கே இந்தப் பாப்பா!" என்று சொல்லிக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டார். டிரிப்ஸ் ஏறியது. மற்ற மூன்று பிள்ளைகள் ஒன்றிரண்டுதான் தின்றிருந்தார்கள், மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்கள். கௌசல்யா இரண்டு நாள் கிடந்தாள்.

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. 'உடைச்சிப் பாரு' என்று சொன்னது நான் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. என்ன ஏது என்று கேட்ட வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை சவரிமுத்து சார் அறிக்கையை எழுதித் தயாராக வைத்திருந்தார். விடுமுறை நாள், பள்ளிக்கு வெளியே, மாணவர்கள் தாமாகவே காட்டுச் செடியின் விதையைத் தின்றனர். ஒரு வார்த்தை பொய் கிடையாது. "படிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்றார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. "தாமாகவேன்னு போடாதீங்க சார். அதுங்க என்னக் கேட்டுச்சிங்க. நான்தான் திரும்பிக்கூடப் பாக்காம உடைச்சிப் பாருன்னேன். வாதாங்கொட்டைய நான் உடைச்சிக் குடுத்துத் தின்ன வச்சேன். அதுங்க அதையேதான் செஞ்சிருக்குதுங்க. நோட்டு உட்பட."

சார் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அலோர்..." என்று இழுத்தார். பிறகு, "தவளை தன் வாயால கெடும்பாங்க. இத எழுதினா உங்களுக்கு மெமோ வரும். வெள்ளிக்கிழமையும் போயிடும். தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார். எழுதலன்னா பழி நாலு பிள்ளைங்க மேல நிக்கும். மெமோவுக்குப் பதில் நான் எழுதுவேன். வெள்ளிக்கிழமைய எப்பிடித் திருப்பி வாங்கணும்னு அப்புறம் பாத்துக்குறேன்."

அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, என்னை எதிரில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார். கல்வித் துறையிலிருந்து மெமோ வந்தது. பதில் எழுதினேன். இனி இப்படி நடக்கக் கூடாது என்று எச்சரித்து விட்டார்கள். வெளியே போவதற்குத் தடை. தடை எப்போது நீங்கும் என்று சாரிடம் போய் நின்றேன். "முப்பத்தியொரு வீட்டுக் கையெழுத்து கொண்டு வாங்க. நடந்தத மறைக்காம சொல்லி வாங்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் கேட்டத் தெறக்க மாட்டேன்" என்றார்.

முதலில் தனத்திடம் போனேன். மார்க்கெட்டில், பூக்கூடைகளுக்கு நடுவில், நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூ கட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

"அப்ப நான் எம்புள்ளய அடிச்சது?" என்றார். குரல் ஏறியது. "நீங்க சொல்லிக் குடுத்ததச் செஞ்சதுக்கா நான் அடிச்சேன்? ஆஸ்பத்திரியில குத்துக்கல்லாட்டம் பக்கத்துலதான நின்னீங்க? அப்ப வாயில இன்னா வச்சிருந்தீங்க?"

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் படபடவென்று பேசுகிறவள், யாருக்கும் வாய் கொடுப்பவள். அன்று "தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னேன். "போங்க டீச்சர், யாவாரத்தக் கெடுக்காதீங்க" என்று மல்லிகைக் கூடையை என் பக்கம் நகர்த்தி வழியை மறித்தார்.

மற்ற முப்பது வீடும் பொங்கலுக்குள் முடிந்தது. சிலர் திட்டினார்கள், சிலர் காபி கொடுத்தார்கள். ஒருவர், "கொட்ட பொறுக்கக் கத்துக்குடுக்கவா உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டார். அவரிடம் அவர் பையனின் நோட்டைக் கொடுத்து ஐந்து பக்கம் படிக்க வைத்தேன். படித்துவிட்டுப் போட்டார் கையெழுத்து. தனம் மட்டும் மசியவில்லை. நான் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் மார்க்கெட்டுக்குப் போவேன். இரண்டு முழம் பூ வாங்குவேன். "இன்னிக்காவது..." என்பேன். சில்லறையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

ஐந்தாவது வாரம் அவராகவே பேசினார். பூவைத்தான் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க அம்மா வூடு பாகூர் பக்கம் டீச்சர். வேலி பூரா அந்தச் செடிதான். ஆடுகூட வாய் வைக்காது. சின்னதுலயே எங்களுக்குத் தெரியும். எம்பொண்ணுக்கு நான் சொன்னதில்ல. வண்டி பாத்துப் போ, யாரு கூப்ட்டாலும் போவாதன்னு ஆயிரம் சொல்லி இருக்கேன். இதச் சொல்லணும்னு தோணவே இல்ல. டவுன்ல எங்க இருக்கப் போவுதுன்னு நெனச்சிட்டேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட மாட்டேன். நானே வரேன். எம்முன்னால கூட்டிட்டுப் போங்க."

சாரிடம் சொன்னேன். "அம்மாவே வந்தா கையெழுத்து எதுக்கு?" என்றார். ஆனாலும் மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தனம் கேட்டில் நின்றிருந்தார், கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு. நான் முதலில் வாதா மரத்துக்குப் போகவில்லை. முப்பத்தியொரு பிள்ளைகளையும் நேரே அந்தக் காலி மனைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமணக்கு வேலிக்கு முன்னால் நிறுத்தினேன். "இனிமே என் பாடத்துல புதுசா ஒரு சட்டம். எதையும் பாக்கலாம், எண்ணலாம், உடைக்கலாம். நான் பேர் சொல்லி, நான் தின்னு காட்டாத எதையும் வாயில வைக்கக்கூடாது. போன தடவ நான் இதச் சொல்லல. அது என் தப்பு" என்றேன். டீச்சர் தப்பு என்று சொன்னதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கௌசல்யா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நான் கூப்பிடவில்லை. காய்ந்த காய் ஒன்றைப் பறித்து, விரலால் பிளந்து, மூன்று கொட்டையையும் உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். "இதான் நான் தின்னது. அஞ்சு."

பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். "ருசி எப்பிடி இருந்துச்சி?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தனம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கௌசல்யா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"நல்லாத்தான் இருந்துச்சி. வேர்க்கடல மாதிரி. அதான் மோசம். கசந்துருந்தா துப்பி இருப்பேன்."

"எழுதுங்க" என்றேன். எல்லாரும் அங்கேயே குந்தி நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதினார்கள். எண்ணிக்கை, நிறம், மணம், உள்ளே. ருசி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு பெண் கேட்டாள். கௌசல்யாவைக் கேட்கச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

தனம் பக்கத்தில் இருந்த பிள்ளையிடமிருந்து நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'ருசி: நல்லா இருக்கும். தின்னக் கூடாது. சொன்னது கௌசல்யா.' இரண்டு தடவை படித்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் கையிலிருந்த கொட்டைகளைத் தட்டிவிட்டார். அந்த உள்ளங்கையைத் தன் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்தது எந்த மரம் டீச்சர்?" என்றார்.